ட்ரை வெயிட்டை மாதாமாதம் புதிதாகப் பார்க்கும் சென்டர்

டயாலிசிஸ் சென்டர் தேடுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது மெஷின் புதுசா, இடம் சுத்தமா, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொள்கிறார்களா என்றுதான். இந்த மூன்றிலும் நான் போகும் மதுரை சென்டரில் குறை இல்லை. நான் எழுத வந்தது நாலாவது விஷயத்தைப் பற்றி. உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் எடுக்கிறார்கள், அந்த அளவை எப்படி முடிவு செய்கிறார்கள் என்பது. நாம் வீட்டுக்கு நடந்து போகிறோமா, தாங்கிப் பிடித்துக் கூட்டிப் போகிறார்களா என்பது அதில்தான் இருக்கிறது.

எனக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. விடியுமுன் வியாபாரம் ஆரம்பித்துவிடும் என்பதால் செவ்வாய், வியாழன், சனி மதிய ஷிப்ட் வாங்கியிருக்கிறேன். எடை என்பது எனக்குத் தொழில். மல்லிகையில் தண்ணீர் தெளித்து வைத்தால் தராசில் எடை கூடும், பூ கூடாது. சிறுநீரகம் நின்றுபோன உடம்பும் அப்படித்தான். சதை எவ்வளவு, தேங்கிய நீர் எவ்வளவு என்று தராசு பிரித்துச் சொல்லாது. தேங்கிய நீர் எல்லாம் போன பிறகு நிற்கும் எடைதான் ட்ரை வெயிட். அந்த எடையில் கால் வீக்கம் இருக்காது, படுத்தால் மூச்சு முட்டாது, பி.பி. ஏறாது, எழுந்தால் தலை சுற்றாது. அதை யாராவது கண்டுபிடித்துத்தான் சொல்ல வேண்டும். மனிதன் இளைப்பான், தேறுவான். அதனால் ஒருமுறை கண்டுபிடித்தது எப்போதைக்கும் ஆகாது.

முன்பு நான் போய்க்கொண்டிருந்த இடத்தில் ஃபைலில் 65 கிலோ என்று எழுதியிருந்தார்கள். இடையில் டைஃபாய்டு வந்து நன்றாக இளைத்துவிட்டேன். கன்னம் ஒட்டிப்போனது எல்லாருக்கும் தெரிந்தது, ஃபைலில் மட்டும் 65 அப்படியே நின்றது. குறைந்த சதையின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது. தராசு 65 காட்டியதால் எல்லாம் சரி என்று அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ராத்திரியில் படுக்க முடியாமல் தலையணை மேல் தலையணை வைத்து உட்கார்ந்தபடி தூங்கினேன். பி.பி. ஏறியது, மாத்திரையைக் கூட்டினார்கள். என் மனைவிதான் வேறு இடம் பார்க்கலாம் என்று பிடிவாதமாக நின்றாள்.

இங்கே வந்த முதல் நாள் டாக்டர் பழைய ஃபைலைத் திறக்கும் முன்பே என்னைப் படுக்க வைத்துக் கழுத்து நரம்பைப் பார்த்தார். கணுக்காலிலும் முதுகுக்குக் கீழேயும் விரலை அழுத்தி எடுத்துப் பள்ளம் விழுகிறதா என்று பார்த்தார். நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். "உங்க 65ல தண்ணி நிறைய இருக்கு. ஒரே நாள்ல எடுக்க மாட்டோம், கொஞ்சம் கொஞ்சமா இறங்குவோம்" என்றார். வழக்கமாக ஏறி வரும் எடையை எடுத்துவிட்டு, அதற்கு மேல் ஒவ்வொரு முறையும் 200, 300 கிராம் மட்டும் கூடுதலாக எடுத்தார்கள். 61 கிலோவில் கால் வற்றியது. தலையணை ஒன்றாயிற்று. பி.பி. மாத்திரையும் மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைந்தது. பல பேருக்கு பி.பி. ஏறுவதே தேங்கிய நீரால்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இந்த சென்டரை நான் நம்ப ஆரம்பித்தது அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்துத்தான். பசி திரும்பி, வாய்க்கு ருசியாகச் சாப்பிடத் தொடங்கியிருந்தேன். கடைசி அரை மணி நேரத்தில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்தால் குரல் கம்மிப்போய் இருக்கும், மறுநாள் வரை உடம்பு அடித்துப் போட்டது மாதிரி இருக்கும். டெக்னீஷியன் தம்பி அதைக் குறித்து வைத்து டாக்டரிடம் காட்டினார். "அண்ணே, உங்களுக்குச் சதை போட்டிருக்கு. நாம தண்ணின்னு நினைச்சு அளவுக்கு மேல எடுத்துக்கிட்டு இருக்கோம்" என்று அவரே விளக்கினார். ட்ரை வெயிட்டை 62க்கு ஏற்றினார்கள். பிடிப்பு நின்றது. இறக்கவும் ஏற்றவும் தெரிந்தவர்களிடம்தான் நாம் நிம்மதியாகக் கையை நீட்ட முடியும்.

அடுத்தது வேகம். மெஷின் ரத்தத்திலிருந்து மட்டும்தான் தண்ணீரை எடுக்கும். காலிலும் வயிற்றிலும் தேங்கியிருப்பது மெதுவாக ஊறி ரத்தத்துக்குள் வந்தால்தான் அடுத்தது எடுக்க முடியும். ஊறி வருவதைவிட வேகமாக இழுத்தால் பி.பி. படாரென்று இறங்கும், கண் இருட்டும், இதயத்துக்கும் ரத்தம் குறையும். உடம்பு எடையில் கிலோவுக்கு மணிக்கு 13 மி.லி.க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது சிறுநீரக மருத்துவத்தில் பலரும் பின்பற்றும் அளவு. இங்கே அதைப் பேசுவதோடு நிற்காமல் கணக்குப் போட்டே காட்டுகிறார்கள். 62 கிலோவுக்கு மணிக்கு சுமார் 800 மி.லி., 4 மணி நேரத்தில் 3.2 லிட்டர். கடைசியில் ரத்தத்தைத் திருப்பி ஏற்றும்போது உள்ளே போகும் சலைனும், நடுவில் குடிக்கும் டீயும் இந்தக் கணக்குக்குள்ளேயே வரும்.

சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கும் நடுவில் இரண்டு நாள் முழு இடைவெளி. ஒரு செவ்வாய்க்கிழமை 4 கிலோவுக்கு மேல் ஏறிப் போனேன். சித்திரைத் திருவிழா நேரம், வீடு நிறையச் சொந்தக்காரர்கள், வெயில் வேறு கொளுத்துகிறது. இங்கே யாரும் திட்டவில்லை. 4 மணி நேரத்துக்குள் மொத்தத்தையும் இழுக்கவும் இல்லை. "இன்னிக்கு ஒரு மணி நேரம் கூட இருங்கண்ணே, மீதியை நாளைக்கு ஒரு எக்ஸ்ட்ரா போட்டு எடுத்துக்கலாம்" என்றார் சிஸ்டர். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் நோயாளிகளே "சீக்கிரம் எடுத்து விடுங்க" என்று கெஞ்சுவதுண்டு. அதற்கு இவர்கள் இணங்குவதில்லை. அதில் நான் இவர்கள் பக்கம்.

எடை மெஷினைப் பற்றியும் சொல்ல வேண்டும், என் தொழில் அது. சமமான தரையில், சுவரில் ஒட்டாமல் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு 20 கிலோ எடைக்கல் இருக்கிறது. காலையில் முதல் ஷிப்டுக்கு முன் அதை ஏற்றிச் சரிபார்த்து நோட்டில் எழுதுகிறார்கள். செருப்பு, செல்போன், டிபன் பாக்ஸ் எல்லாம் கீழே வைத்த பிறகுதான் ஏற வேண்டும். முடிந்ததும் உட்கார்ந்து ஒரு பி.பி., நின்று ஒரு பி.பி., அப்புறம் எடை. நிற்கும்போது பி.பி. ரொம்ப இறங்கினால் அனுப்ப மாட்டார்கள். பஸ் போய்விடுகிறதே என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். எனக்கு அந்த இருபது நிமிடம் பெரிதாகத் தெரியவில்லை.

குறை இல்லாமல் இல்லை. சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்குத் தனி தராசு கிடையாது. நாற்காலியோடு ஏற்றி, நாற்காலியின் எடையைக் கழிக்கிறார்கள். ஆனால் நாற்காலிகளில் பாதிக்கு மேல் எடை எழுதி ஒட்டவில்லை. ஒரு கிலோ தப்பினால் ஒரு லிட்டர் தப்பும். வயதானவர்களுக்கு அது மிகப் பெரிய தப்பு. நான் நேரில் சொல்லியும் இன்னும் முழுதாகச் செய்யவில்லை. குளிர் இன்னொன்று. பி.பி. இறங்கும் சிலருக்கு மெஷின் திரவத்தின் வெப்பத்தை 36 டிகிரிக்கு ஒட்டி இறக்கி வைப்பார்கள். அது நல்லதுதான், ஆனால் ஏசியும் சேர்ந்துகொண்டால் நடுங்கும். போர்வையை வீட்டிலிருந்து கொண்டுபோங்கள், அங்கே தருவது மெல்லிசு.

உணவுச் சீட்டும் எனக்குப் போதவில்லை. தினமும் வெளியேறும் சிறுநீர் அளவோடு 500 மி.லி. சேர்த்துக் குடிக்கலாம் என்று போட்டிருக்கிறார்கள், சரி. ஆனால் மதுரைக்காரன் தண்ணீரைத் தண்ணீராகவா குடிக்கிறான்? ஜிகர்தண்டா, பருத்திப்பால், நன்னாரி சர்பத், ரசம், இட்லி மேல் ஊற்றும் சாம்பார் எல்லாமே அந்தக் கணக்கில்தான் வரும். ஐஸ்கிரீமும் வரும். மார்க்கெட்டில் யார் வந்தாலும் ஒரு டீ, அதுவும் வரும். இதையெல்லாம் எனக்குப் பொறுமையாகச் சொல்லித் தந்தது சிஸ்டர்தான், சீட்டில் இல்லை.

அவர் சொன்னதில் முக்கியமானது உப்பு. சுமார் 8 கிராம் உப்பு உடம்பில் தங்கினால் அதோடு ஒரு லிட்டர் தண்ணீரும் தங்கும். உப்பைத் தின்றுவிட்டுத் தாகத்தை அடக்கு என்றால் எவனாலும் முடியாது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பதைப் பிடித்துக்கொண்ட பிறகு எனக்குத் தாகமே பாதியாகிவிட்டது. ஊறுகாய், கருவாடு, அப்பளம், மோர் மிளகாய் நான்கையும் வீட்டில் நிறுத்தினோம். ஓட்டல் சட்னி, சால்னாவைத் தொடுவதில்லை. சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதை வாங்கிவிடாதீர்கள். அதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள், நமக்கு அது இதயத்தையே நிறுத்தக்கூடிய ஆபத்து. சர்க்கரை நோய் உள்ளவர்கள் சர்க்கரையையும் கட்டுக்குள் வையுங்கள், அது ஏறினால் தாகமும் ஏறும்.

பி.பி. மாத்திரையை டயாலிசிஸ் அன்று காலையில் போடலாமா, முடிந்த பிறகா என்று ஆளுக்கு ஆள் எழுதித் தருகிறார்கள். அதை நீங்களாக மாற்ற வேண்டாம்.

சேர விரும்புகிறவர்களுக்கு: மதிய ஷிப்டில் இடம் கிடைப்பது கஷ்டம், விடியற்காலை ஷிப்டில் அவ்வப்போது காலியாகிறது. மேலூர், ஒத்தக்கடை பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு மாட்டுத்தாவணியில் இறங்கி ஆட்டோவில் வந்துவிடும் தூரம். ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. ரிப்போர்ட் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். பழைய சென்டரில் எழுதிய டயாலிசிஸ் ஷீட்டுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். வரும்போது எடை, போகும்போது எடை, நடுவில் இறங்கிய பி.பி. எல்லாம் அதில் இருக்கும், இங்குள்ள டாக்டர் அதை உட்கார்ந்து படிப்பார். நாற்காலியில் வருகிறவர்கள் மட்டும், ஏறுமுன் அந்த நாற்காலியைக் காலியாக ஒருமுறை எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.