ஒபினெல் 8ம் நம்பர் மடக்குக்கத்தி: நம்ம குமரி மழைக்கும் உப்புக்காத்துக்கும் சரிப்படுமா?

நேரா விஷயத்துக்கு வாறேன். தோட்டம், வீடு, பைக்ல போற வழின்னு எங்க இருந்தாலும் பாக்கெட்ல ஒரு சின்ன கத்தி வேணும்னு நெனைக்கிற ஆளுகளுக்கு, நான் புழங்குனதுலயே ரொம்ப புடிச்சது பிரான்ஸ்ல செய்யுற இந்த ஒபினெல் 8ம் நம்பர்தான். ஆனா அதுல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அலகு உள்ளதுதான் வாங்கணும், கார்பன் ஸ்டீல் அலகு நம்ம ஊருக்கு வேண்டாம். கடல்ல தொழில் பண்றவங்க ரெண்டையுமே வாங்காதீங்க. ஏன்னு சொல்றேன்.

மொதல்ல கத்தியப் பத்தி. ஜோசப் ஒபினெல்னு ஒருத்தர் 1890ல ஆல்ப்ஸ் மலைப்பக்கம் சவோய்ங்கிற எடத்துல அங்க உள்ள விவசாயிங்களுக்காக செய்ய ஆரம்பிச்சது. 1897ல 1ல இருந்து 12 வரைக்கும் சைஸுக்கு நம்பர் போட்டாங்க, அதுல 8ம் நம்பர்தான் கைக்கு அளவானது, அலகு எட்டரை சென்டிமீட்டர், வெயிட்டு அம்பது கிராம் கூட வராது, சட்டை பாக்கெட்ல கெடந்தாலே தெரியாது. உள்ள ஸ்பிரிங்கு கிடையாது. அலகு, மரப்பிடி, ஒரு ஆணி, ஒரு பூண், அதுக்கு மேல திருகுற வளையம், மொத்தமே அஞ்சு பாகம்தான். அந்த வளையம் 1955ல வந்தது. கத்திய விரிச்சுட்டு வளையத்த ஒரு திருகு திருகுனா அலகு மடங்கி வெரல்ல விழாது. 2000க்கு அப்புறம் வந்ததுல மூடி வச்சும் பூட்டிக்கலாம், குழந்தைங்க உள்ள வீட்டுக்கு இது பெரிய நிம்மதி.

பாக்கெட்ல கத்தியான்னு டவுன்காரங்க சிலபேரு ஒரு மாதிரி பாப்பாங்க. நம்ம மாவட்டத்துல இது புதுசே இல்ல. பனையேறுறவங்க இடுப்புல அருவாப்பெட்டி இல்லாம ஒரு நாளும் மரத்துல ஏறுனது கிடையாது, பாளை சீவுற அருவாளுக்கு வெள்ளைக்கல்லு பொடி தூவுன பலகைல தீட்டி தீட்டி சவரக்கத்தி கணக்கா வச்சிருப்பாங்க. வீட்டுக்கு வீடு பிச்சாத்தி, அதாவது கொல்லன் அடிச்ச கத்தி உண்டு, வெட்டுகத்தி உண்டு. கூடவே சுமந்துட்டு திரியுற மாதிரி மெலிசா மடக்கி வைக்கிற ஒண்ணுதான் கொறையா இருந்தது.

எனக்கு இது அதிகமா ஒழைக்கிறது மழை தொடங்குறதுக்கு முன்னாடி ரப்பருக்கு ரெயின்கார்டு ஒட்டுற சமயத்துல. பால் வெட்டுற பட்டைக்கு மேல பசை தேச்சு, பாலித்தீன பாவாடை மாதிரி சுருக்கு வச்சு மரத்த சுத்தி ஒட்டணும். அந்த பாலித்தீன வெட்டும்போதுதான் கத்தியோட தரம் தெரியும். தடிச்ச கத்தின்னா ஷீட்டு இழுபட்டு சுருண்டு கோணலா கிழியும். ஒபினெல் அலகு முதுகுல இருந்து வாய் வரைக்கும் ஒரே சரிவா மெலிஞ்சு வருது, அதனால ஷீட்ட ஒரு கையால விரிச்சு புடிச்சு கத்திய சும்மா தள்ளுனா போதும், சர்ர்னு ஒரே கோடா போய்ட்டே இருக்கும், வழியில நிக்காது. அதுக்காக இதை வச்சு பால் வெட்டலாமான்னு கேட்டா வெட்ட முடியாது, அதுக்கு வாய் வளைஞ்ச தனிக்கத்தி வேணும், சாதாரண அலகு பட்டைக்குள்ள ஆழமா எறங்கி மரத்த கெடுத்துரும். உரச்சாக்கு தையல் பிரிக்க, ஏத்தவாழைக்கு கட்டுற கயிறு அறுக்க, ஓஸ் பைப்பு துண்டு போட, மதியம் மாங்கா கீறி உப்பு தொட்டு திங்க, இதுக்கெல்லாம் இதுவே தாராளம்.

கார்பன் ஏன் வேண்டாங்கிறேன்னா, நம்ம வேலையில பாதிக்கு மேல கறையும் புளிப்பும்தான். என் மச்சான்ட்ட கார்பன் கத்தி இருக்கு, எக்ஸ்சி90ன்னு ஸ்டீலு, வாய் நல்லா நிக்கும், லேசா தீட்டுனாலே ஏறிரும், அதுல குத்தம் சொல்ல முடியாது. ஆனா வாழைக்கறை பட்ட அன்னைக்கே அலகு நீலமும் கருப்புமா மாறிருச்சு. அந்த நெறம் துரு இல்ல, அது பாட்டுக்கு இருக்கலாம், ஆனா எலுமிச்சையோ மாங்காயோ வெட்டுனா இரும்பு ருசி அடிக்குது. தொடைக்காம ஒரு ராத்திரி விட்டா செம்மண் கலர்ல நெசமாவே துரு புடிக்குது. ஸ்டெயின்லெஸ்ல போடுறது ஸ்வீடன் நாட்டு சாண்ட்விக் 12சி27, அதுக்கு இந்த தொல்லை இல்ல. சக்கை, அதான் பலாப்பழம், வெட்டுறதுக்கு முன்னாடி கைக்கு மட்டுமில்லாம அலகுக்கும் தேங்கெண்ணெ தடவிருங்க, பிறவு அரக்கு ஒட்டாது, ஒட்டுனாலும் துணில எண்ணெ வச்சு வழிச்சா வந்துரும்.

இனி மழை. தென்மேற்கும் வடகிழக்கும் ரெண்டும் நம்ம மேல பெய்யும், அதனால மரப்பிடி உள்ள எந்த மடக்குக்கத்தியும் இங்க ஊதத்தான் செய்யும், இதோட பிடி பீச் (beech)ங்கிற மரம், அதுவும் அப்படித்தான். ஊதிப் போனா அலகு பள்ளத்துல இறுகி நகத்தால இழுத்தா வராது. பதறி பல்லால கடிச்சு இழுக்காதீங்க. வளையத்த திறந்து வச்சுட்டு பிடியோட வால்பக்கத்த கட்டையிலயோ திண்ணையிலயோ ஒரு தட்டு தட்டுங்க, அலகு தானா கொஞ்சம் வெளிய எட்டிப் பாக்கும். சவோய்காரங்களே அப்படித்தான் திறப்பாங்க. நிரந்தரமா சரியாகணும்னா, வெயில் காலத்துல பிடி நல்லா காஞ்சிருக்கும்போது ஆணி இருக்குற மூட்டுலயும் அலகு படுக்குற பள்ளத்துலயும் ஆளிவிதை எண்ணெ விட்டு ஊற வச்சு தொடைங்க. தேங்கெண்ணெ அலகுக்கு ஓகே, மரத்துக்கு ஆளிவிதை தான், ஏன்னா அது காஞ்சு மரத்துக்குள்ளயே இறுகிக்கும்.

எங்க ஊர் கொல்லன் பட்டறைல உள்ள பெரியவர்கிட்ட ஒருநாள் காட்டினேன். பெருவிரல குறுக்க வச்சு தடவிப் பாத்துட்டு, "நல்ல மெலிசு. ஆனா இத வச்சு சிரட்டைய கிண்டப்பிடாது கேட்டியா மக்ளே"ன்னாரு. அவ்வளவுதான், இதுக்கு மேல ஒரு எச்சரிக்கை தேவையில்ல. தேங்காய கிண்டவோ, பெயின்ட் டப்பா மூடிய நெம்பவோ போனா நுனி போய்ரும், அதுக்கு அவரு அடிச்ச பிச்சாத்தி தான் சரி.

தீட்டுறதுக்கு தெருவுல சக்கரத்தோட வாற சாணைக்காரர்ட்ட கொடுக்காதீங்க. அவரு வேலை வெட்டுகத்திக்கு அருமை, ஆனா இவ்வளவு மெல்லிசான வாய் சக்கரத்துல சூடேறுனா பதம் போய்ரும். ஹார்ட்வேர் கடைல கிடைக்கிற கார்போரண்டம் கல்லுல தண்ணி விட்டு ரெண்டு பக்கமும் சமமா இழுத்தா போதும். கல்லு இல்லன்னா பீங்கான் கப்ப கவுத்துங்க, அடியில மினுக்கம் இல்லாம சொரசொரன்னு ஒரு வட்டம் இருக்கும், அதுல தேச்சாலே வாய் திரும்ப வரும்.

கடல்காரங்க வாங்க வேண்டாம்னு சொன்னேன்ல. குளச்சல்ல விசைப்படகுல போற கூட்டுக்காரன் ஒருத்தன் உண்டு. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேக்குக் கடல்ல தடைக்காலம், அப்ப கரையில இருந்து வலை பொத்தும்போது என் கத்திய வாங்கி நைலான் சரடு அறுத்துப் பாத்தான், ரொம்ப புடிச்சுப் போச்சு. ஆனா கடலுக்கு கொண்டு போக மாட்டேன்னுட்டான். "கையில சரடு சுத்திக்கிட்டா ரெண்டு கையால கத்திய விரிச்சுட்டு நிக்க நேரம் உண்டா மக்கா?" அவன் சொன்னது நூத்துக்கு நூறு சரி. இதை திறக்க ரெண்டு கையும் வேணும், மூட்டுக்குள்ள உப்பும் மீன்செதிலும் அடைஞ்சா கழுவி எடுக்கவும் கஷ்டம். மடங்காத ஸ்டெயின்லெஸ் கத்தி, பிளாஸ்டிக் பிடி, உறைய இடுப்போட கட்டிக்கிடணும், கடலுக்கு அதுதான்.

ஆபீஸ், ஸ்கூல்னு போற ஆளுகளுக்கு நான் சுவிஸ்காரங்க விக்டோரினாக்ஸ் கிளாசிக் சொல்லுவேன். 58 மில்லிமீட்டர்தான், சாவிக்கொத்துல தொங்கும். எங்க மைனி ஒண்ணு வச்சிருக்காங்க, கத்திய விட அதுல உள்ள குட்டிக் கத்திரியும் இடுக்கியும் தான் அவங்க எடுக்குறது. பனங்கருக்கு ஏறி சிராய் தங்குனா அந்த இடுக்கி மாதிரி ஒதவி வேற இல்ல, ஒபினெல்ல அது கிடையாது.

திருவனந்தபுரம் ஏர்போர்ட் வழியா வெளிநாட்டு வேலைக்கு போற பயலுவ நிறைய பேரு உண்டே, கத்திய கைப்பையில வச்சா செக்கிங்ல எடுத்துருவாங்க, ஏத்தி விடுற பெட்டிக்குள்ள போட்ருங்க.

விலை நம்ம கொல்லன் கத்திய விட பல மடங்குதான், ஒத்துக்கிடுகேன், ஆனா ஒழுங்கா எண்ணெ காட்டுனா மகன் காலத்துக்கும் கெடக்கும். ஆன்லைன்ல வாங்குறவங்க பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்துக்கிடுங்க. ஒரு விற்பனையாளர் ஸ்டெயின்லெஸ்னு காசு வாங்கிட்டு எனக்கு கார்பன அனுப்பி, திருப்பி எடுக்க ரொம்ப அலைய விட்டாங்க. அலகுலயே எழுதியிருக்கும், கிரீடம் வச்ச கை முத்திரை பக்கத்துல பாருங்க, இனாக்ஸ்னு இருந்தா ஸ்டெயின்லெஸ், கார்போன்னு இருந்தா உடனே திருப்பி விட்ருங்க.