மார்க் 1, ரெனோ எஃப்டி: டாங்கியின் இரண்டு தொடக்கங்கள்

பிசான அறுவடையின்போது அம்பாசமுத்திரம் பக்கத்து வயல்களில் ஈரம் காயாமல் கிடந்தால், வாடகை கூடினாலும் டயர் அறுவடை வண்டியை விட்டுப் பெல்ட் வண்டியைத்தான் தேடுகிறோம். அகலமான பட்டை எடையைப் பரப்பி இறக்குவதால் சேற்றில் எளிதில் புதைவதில்லை. 1914-இல் உருவான ரோல்ஸ் ராய்ஸ் கவசக் கார்கள் சாலையில் விரைந்தோடினாலும், முதல் உலகப்போரில் குண்டுப் பள்ளங்கள் நிறைந்த பிரான்சின் போர்முனையில் தடுமாறியதற்கும் சக்கரமே காரணம். அமெரிக்காவின் ஹோல்ட் நிறுவன டிராக்டர்கள் ஏற்கெனவே காட்டியிருந்த பட்டையை இங்கிலாந்தும் பிரான்சும் கைக்கொண்டன. ஆனால், அதன்மேல் எதைக் கட்டுவது என்பதில் இரண்டும் பிரிந்தன.

1916 செப்டம்பர் 15 அன்று சோம் போர்க்களத்தில் இறங்கிய ஆங்கிலேயரின் மார்க் 1 ஏறக்குறைய 28 டன் எடையும் 8 பேர் கொண்ட குழுவும் உடையது. சாய்சதுர உடலைச் சுற்றியே பட்டை ஓடியதால் அகலமான பதுங்குகுழிகளையும் அது தாண்டியது. முக்கிய ஆயுதங்கள் பக்கவாட்டுக் கூடுகளில் இருந்தன. 105 குதிரைத்திறன் எஞ்சினோ ஆட்களுக்கு நடுவிலேயே தடுப்பின்றி நின்று வெப்பத்தையும் புகையையும் கக்கியது. வண்டியைத் திருப்புவதற்கே நால்வர் சேர்ந்து உழைக்கவேண்டியிருந்தது என்பதை, வடிவமைப்பின் பெருங்குறையாகவே கருதுகிறேன்.

1918 மே மாதத்தில் களம் கண்ட பிரெஞ்சு ரெனோ எஃப்டி சுமார் 6.5 டன்தான்; குழுவில் இருவர் மட்டுமே. ஓட்டுநர் முன்னே, எஞ்சின் பின்னே, நடுவில் எல்லாத் திசைக்கும் திரும்பும் சுழல்மேடை என்று அமைத்ததால், ஒரே 37 மில்லிமீட்டர் பீரங்கி எப்பக்கத்தையும் காத்தது. எஞ்சினும் ஆட்களிடமிருந்து பிரிக்கப்பட்டது. மார்க் 1-இன் கவசத் தகடு அதிகபட்சம் 12 மில்லிமீட்டர் என்றால், இச்சிறு வண்டியில் அது 22 மில்லிமீட்டர் வரை இருந்தது. உடல் குட்டையாதலால் அகலக் குழிகளைத் தாண்ட முடியவில்லை. பின்னால் ஒரு வால் பொருத்தியும் ஓரளவே பயன் கிட்டியது. சுழல்மேடையில் இருந்த ஒருவரே பார்த்து, குண்டு நிரப்பி, சுட்டு, கட்டளையும் இடவேண்டியிருந்தது இன்னொரு குறை.

குழி தாண்டுவது மட்டுமே நோக்கமென்றால் மார்க் 1 மேல்தான். உறுப்புகளின் ஒழுங்கைப் பார்த்தால் என் தேர்வு ரெனோவே. ஆவடியில் கட்டப்படும் அர்ஜுன் டாங்கியிலும் ஓட்டுநர் முன்னேயும் எஞ்சின் பின்னேயும்தான் இருக்கின்றன. ரெனோவின் சுழல்மேடையில் ஒருவர் தலையில் விழுந்த வேலையை மட்டும் அதில் மூவர் பகிர்ந்துகொள்கிறார்கள்.