இன்ரநெற் ரெலிபோன் வைத்திருப்பவர்கள் உங்கள் 911 முகவரியை உடனே பாருங்கள்

போன மாதம் ஒரு வியாழன் இரவு, பத்தரை மணியிருக்கும். நான் வேலையில் நின்றேன். மொன்றியலில் எங்கள் பழைய வீட்டுக்கு எதிர்வீட்டு அக்கா அழைத்தார். "தம்பி, நீங்கள் இருந்த வீட்டு வாசலில பொலிசும் அம்புலன்சும் நிக்குது. உங்கட பேரைச் சொல்லித்தான் கேக்கினம். என்ன நடந்தது?"

நாங்கள் ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்து ஒன்பது மாதம். மொன்றியல் இங்கிருந்து 500 கிலோமீற்றருக்கு மேல். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு நெஞ்சு திக்கென்றது. வீட்டில் அப்பாவும் அம்மாவும் தனியே. வீட்டுக்கு அடித்தால் லைன் பிசி. கைத்தொலைபேசியில் அவசர உதவி எண்ணான 911ஐ எடுத்து ஸ்காபரோ முகவரியைக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

அப்பாவுக்கு நீரிழிவு. அன்றிரவு இன்சுலின் போட்டுவிட்டு, சரியாகச் சாப்பிடாமல் படுத்துவிட்டார். அம்மா தட்டி எழுப்பியிருக்கிறார். உடம்பெல்லாம் வியர்த்து நனைந்து கிடக்கிறது, கண் திறக்கவில்லை. நாங்கள் சொல்லிவைத்தபடியே வீட்டு ரெலிபோனில் 911 அடித்திருக்கிறார். மறுமுனையில் ஆங்கிலத்தில் கேள்விமேல் கேள்வி. "ஹஸ்பண்ட், நோ வேக்" என்பதற்கு மேல் அம்மாவுக்கு வரவில்லை. முகவரி சொல்லத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் இருப்பது இன்ரநெற் வழியே வேலை செய்யும் ரெலிபோன். இப்படியான ரெலிபோனில் அழைப்பவரால் இடத்தைச் சொல்ல முடியாவிட்டால், கணக்கில் கடைசியாகப் பதிந்த முகவரிக்குத்தான் ஆட்களை அனுப்புவார்கள். எங்கள் கணக்கில் கிடந்தது மொன்றியல் முகவரி.

அப்பா தப்பிவிட்டார். நான் வந்து சேர்ந்தபோது அம்புலன்ஸ்காரர்கள் அவருக்குக் குளுக்கோஸ் ஏற்றி முடித்திருந்தார்கள். அம்மா ரிசீவரைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி சுவரோரமாக நின்றார். லைன் எப்போதோ அறுந்து டூ டூ என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. யாரோ பேசுவார்கள் என்று அதைக் காதருகே வைத்திருந்தார்.

மறுநாள் அந்த ரெலிபோன் நிறுவனத்தை அழைத்தேன். வீடு மாறிய கிழமையே புது முகவரியைச் சொன்னேனே என்றேன். "ஆம், பில் முகவரியை மாற்றிவிட்டோம். 911 முகவரி வேறு. அதை நீங்கள்தான் உங்கள் ஆன்லைன் கணக்கில் மாற்றியிருக்க வேண்டும்" என்றார்கள். ஒன்பது மாதமாக ஸ்காபரோ முகவரி போட்ட பில்லுக்குக் காசு வாங்கியவர்கள் சொல்கிற பதில் இது. இந்தப் பதிவை எழுத வைத்ததும் இதுதான். பில் சரியான முகவரிக்கு வருகிறது என்று தயவுசெய்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

சரி, யாராவது இதை எங்களுக்குச் சொன்னார்களா என்று கேட்டேன். தொடங்கும்போதே நான் சம்மதம் கொடுத்துவிட்டேனாம். பலசரக்குக் கடை வாசலில் மேசை போட்டிருந்த விற்பனையாள், தன் ரப்லெற்றில் தானே தட்டித் தட்டி எல்லாவற்றையும் நிரப்பினார். இலங்கைக்கு எத்தனை நிமிடம் இலவசம் என்று விளக்கோ விளக்கென்று விளக்கினார். 911 பற்றி ஒரு சொல் இல்லை. அப்புறம் ரெலிபோன் வந்த அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்துக் கிளறினேன். பிளாஸ்ரிக் உறைக்குள், மடிப்புக் குலையாத தாள்களுக்கு நடுவில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருந்தது. இந்தத் தொலைபேசியில் 911 சேவைக்கு வரம்புகள் உண்டு என்று அதில் எழுதியிருந்தது.

கனடாவில் இதற்கு விதி இல்லாமல் இல்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையமான சி.ஆர்.டி.சி 2005 ஏப்ரலிலேயே உத்தரவு போட்டுவிட்டது. 911 சேவையின் குறைபாடுகளைச் சேவை தொடங்குமுன் வாடிக்கையாளருக்குச் சொல்லி, விளங்கிக்கொண்டேன் என்ற வெளிப்படையான சம்மதத்தை வாங்க வேண்டும். ரெலிபோனில் ஒட்ட எச்சரிக்கை ஸ்டிக்கரும் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் 2008இல் கல்கரியில் இன்ரநெற் ரெலிபோன் வைத்திருந்த ஒரு வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஆபத்து வந்தபோது, அம்புலன்ஸ் அந்தக் குடும்பத்தின் பழைய முகவரிக்கு, வேறு மாகாணத்திலுள்ள மிசிசாகாவுக்குப் போனது. குழந்தை பிழைக்கவில்லை. அந்தச் செய்தியை அப்போது வாசித்திருக்கிறேன். எங்கள் வீட்டு ரெலிபோன் பெட்டியும் அதே சாதி என்று எனக்குத் தோன்றவேயில்லை.

பழைய செப்புக்கம்பி ரெலிபோன் ஒரு வீட்டோடு கட்டப்பட்டது. இந்தப் பெட்டியை மொன்றியலில் கழற்றி ஸ்காபரோவில் சொருகினாலும் அதே நம்பரில் வேலை செய்யும். அது எங்கே சொருகியிருக்கிறது என்று 911க்குத் தானாகத் தெரியாது. அதனால்தான் அழைப்பு முதலில் ஒரு இடைநிலை ஆளிடம் போகிறது. அவர் இடத்தைக் கேட்டுத்தான் சரியான நகரத்து 911க்கு மாற்றிவிடுவார். கரண்ட் போனாலோ இன்ரநெற் விழுந்தாலோ அந்த ஆளும் கிடையாது, பெட்டியே செத்துவிடும்.

உங்கள் கணக்கைத் திறந்து 911 முகவரி என்று தனியாக இருப்பதைப் பாருங்கள். தெரியாவிட்டால் நிறுவனத்தை அழைத்து, பதிந்திருக்கும் முகவரியை வாசிக்கச் சொல்லுங்கள். அடுக்குமாடியென்றால் வீட்டு இலக்கமும் இருக்க வேண்டும். சில நிறுவனங்களில் 933 அடித்தால் முகவரியைத் தானே வாசித்துச் சொல்லும். சோதித்துப் பார்ப்பதற்காக 911ஐ அடித்துவிடாதீர்கள்.

நடந்ததை சி.ஆர்.டி.சிக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன், அந்த ஸ்டிக்கரின் படத்தையும் சேர்த்து. அம்மாவுக்குத் தனியாக ஒரு கைத்தொலைபேசி வாங்கிக் கொடுத்தாயிற்று. குளிரூட்டிப் பெட்டிக் கதவில் வீட்டு இலக்கம், தெருப் பெயர், ஸ்காபரோ என்று ஆங்கில முகவரியைத் தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம். காலையில் தேத்தண்ணி போடும்போது அம்மா அதை ஒருமுறை வாய்விட்டு வாசிக்கிறார்.