செட்டியார் தெரு நகைகளும் த்ரீ ஜேஎஸ்ஸும்: ஏழு வருட அனுபவம்

2018 நடுப்பகுதியில், கொழும்பு செட்டியார் தெரு நகைக்கடை ஒன்றுக்காகத்தான், பிரவுசருக்குள் முப்பரிமாண உருவங்களைக் காட்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியான த்ரீ ஜேஎஸ்ஸை முதலில் கையில் எடுத்தேன். காப்பு, அட்டியல், தாலிக்கொடி என்று கடையில் இருப்பதை ஆட்கள் வீட்டிலிருந்தே போனில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டார்கள். ஏழு வருடமாகியும் அந்த வேலை முடியவில்லை, ஏனென்றால் லைப்ரரி நிற்பதில்லை. புதிதாக இறங்குகிறவர்களுக்கு டுடோரியல் எத்தனையோ இருக்கிறது. ஒரே புரொஜெக்டை வருடக்கணக்காக இதன் மேல் ஓட்டினால் என்ன ஆகும் என்று தமிழில் எழுதியதை நான் பார்த்ததில்லை, அதனால் எழுதுகிறேன்.

ரிக்கார்டோ கபெல்லோ 2010இல் வெளியிட்ட லைப்ரரி இது. ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு ரிலீஸ் வரும். ஆர் 94, ஆர் 95 என்று இலக்கம் ஏறிக்கொண்டே போகும், ஆனால் என்பிஎம்மில் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை இறக்கும் இடம்) 0.152.0 என்கிற மாதிரி முன்னால் எப்போதும் பூச்சியம்தான். அந்தப் பூச்சியத்துக்கு அர்த்தம் உண்டு: எந்த மாதமும் ஒன்றின் பெயர் மாறலாம், அல்லது அது இல்லாமலே போகலாம். ஆறுதல் என்னவென்றால், முன்னால் பூச்சியம் இருக்கும்வரை பேக்கேஜ் ஃபைலில் கேரட் குறி (^, புதிய ரிலீஸை ஏற்கலாம் என்று சொல்வது) போட்டிருந்தாலும் அது தானாக அடுத்த ரிலீஸுக்குத் தாவாது, எப்போது ஏற்றுவது என்பது நம் கையில்தான். பெரும்பாலும் கொன்சோலில் சில ரிலீஸ்களுக்கு எச்சரித்துவிட்டுத்தான் பழையதை எடுப்பார்கள். மைக்ரேஷன் கைட் என்று ஒரு நீண்ட பக்கமும் உண்டு, ஒவ்வொரு இலக்கத்துக்கும் என்ன மாறியது என்று அதில் எழுதியிருப்பார்கள். தயவுசெய்து அதை முதலில் வாசியுங்கள்.

முதல் பெரிய அடி 2021 ஜனவரியில், ஆர் 125இல். உருவத்தின் புள்ளிகளை வைத்திருக்கும் பழைய ஜியோமெட்ரி கிளாஸைத் தூக்கிவிட்டார்கள், இனி அதே புள்ளிகளை எண் வரிசைகளாக வைத்திருக்கும் பஃபர் ஜியோமெட்ரி மட்டும்தான். சங்கிலி வளையங்களை நான் கோடிலேயே ஒவ்வொரு புள்ளியாகத் தள்ளித் தள்ளிக் கட்டியிருந்தேன். எல்லாவற்றையும் ஃப்ளோட் 32 வரிசைகளாக மாற்றி எழுத இரண்டு கிழமை போனது. ஆனால் எழுதி முடித்ததும் பழைய போன்களில் சங்கிலி சுற்றும்போது இருந்த திக்கல் போய்விட்டது, அதனால் அந்த இரண்டு கிழமையைப் பற்றி எனக்கு மனக்குறை இல்லை.

அப்புறம் 2022, இலங்கையில் பொருளாதார நெருக்கடி. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை, லெப்டொப் சார்ஜ் இருக்கிற நேரத்தில் கடைக்கு அவசரமானதை மட்டும்தான் செய்ய முடிந்தது. லைப்ரரியை யார் தொடுவது? ஆர் 137இலேயே நின்றுவிட்டோம். 2023இல் நிலைமை கொஞ்சம் சீரானதும் ஒரே தாவாக ஆர் 152க்குப் போனேன். நான் செய்த பெரிய பிழை அதுதான், ஏனென்றால் நிறத்தைக் கையாளும் முறையே மாறிய ரிலீஸ் அது.

ஏற்றிய அன்று பின்னேரம் முதலாளி போன் எடுத்தார். "தம்பி, இது என்ன, பவுண் மாதிரியே இல்லை, வெளிறிப் போய்க் கிடக்கு. சனம் பித்தளை எண்டெல்லோ நினைக்கும்." பார்த்தேன், அவர் சொன்னது சரி. 22 கரட் காப்பு முழுக்க மஞ்சள் கரைத்த பால் மாதிரி இருந்தது. இரவோடு இரவாகப் பழைய இலக்கத்துக்குத் திரும்பிவிட்டு, என்ன நடந்தது என்று அடுத்த மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன்.

விஷயம் இதுதான். படக்கோப்பில் 0.5 என்று பதிந்திருக்கும் சாம்பல், ஒளி அளவில் பாதி இல்லை, கிட்டத்தட்ட 0.21தான். படங்களுக்கும் திரைகளுக்கும் வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிறமுறையில் பதிவது அப்படித்தான். ஒளிக்கணக்குப் போடுவதற்கு முன் அதை உண்மை அளவுக்குக் கொண்டுவர வேண்டும், கணக்கு முடிந்து திரைக்கு அனுப்பும்போது மறுபடி எஸ்ஆர்ஜிபிக்கு மாற்ற வேண்டும். முன்பு இந்த இரண்டும் நாமாகக் கேட்டால்தான் நடக்கும், நான் கேட்டிருக்கவில்லை. ஆர் 152இலிருந்து திரைக்கு மாற்றுவது தானாக நடக்கிறது. ஆனால் உருவத்தின் மேல் ஒட்டும் படத்தை, அதாவது டெக்ஸ்சரை, டெக்ஸ்சர் லோடரால் நாமே ஏற்றினால் அது நிறப்படமா வேறு தரவா என்று லைப்ரரிக்குத் தெரியாது, நாம்தான் கலர் ஸ்பேஸை (எந்த நிறமுறையில் பதிந்தது என்பதை) குறித்துக் கொடுக்க வேண்டும். உருவமும் படங்களும் சேர்ந்தே வரும் ஜிஎல்டிஎஃப் கோப்புகளாக இருந்திருந்தால் அதன் லோடரே குறித்துக்கொள்ளும். என்னுடையவை தனித்தனிப் படங்கள். உள்ளே வரும்போது மாறாமல், வெளியே போகும்போது மட்டும் மாறினால் வெளிறாமல் என்ன செய்யும்?

சரி என்று எல்லாப் படத்துக்கும் எஸ்ஆர்ஜிபி என்று குறித்தேன். பவுண் நிறம் திரும்பியது, ஆனால் மெருகு கூடிவிட்டது, மட் ஃபினிஷ் காப்பு கண்ணாடி மாதிரி மினுங்கியது. ரஃப்னெஸ் மேப்புக்கும் சேர்த்துக் குறித்துவிட்டேன் என்பது பிறகுதான் விளங்கியது: அது நிறமில்லை, எந்த இடம் எவ்வளவு சொரசொரப்பு என்று சொல்லும் எண்கள். 0.5 என்று நான் வைத்த சொரசொரப்பு 0.21 ஆகிவிட்டது. நிறப்படத்துக்கு மட்டும் குறியுங்கள், நார்மல் மேப் (மேடுபள்ளம்), ரஃப்னெஸ், மெட்டல்னெஸ் (உலோகத்தன்மை) எதையும் தொடாதீர்கள்.

எல்லாம் சரியான பிறகு ஒன்றைக் கவனித்தேன். தாலிக்கொடி முறுக்குகளுக்கு நடுவே நிழல் விழும் இடம் முன்பு எப்போதும் சேறு கலந்த பச்சையாக இருக்கும், அதை மறைக்கவே ஒரு லைட்டைக் கூடுதலாக வைத்திருந்தேன். இப்போது அந்த இடம் ஆழ்ந்த செம்மஞ்சளாக, கையில் வைத்துப் பார்க்கிற மாதிரியே இருந்தது. அந்த லைட்டைத் தூக்கிவிட்டேன். ஐந்து வருடம் எங்கள் நகை சரியாகத் தெரிந்ததற்குக் காரணம், பிழையான கணக்கின் மேல் நான் லைட்டைக் கூட்டிக் குறைத்து நிறத்தைப் பிடித்து வைத்திருந்ததுதான். அவர்கள் கணக்கைத் திருத்தியதும் என் ஒட்டுவேலை வெளியே தெரிந்தது.

சில மாதத்தில் ஆர் 155 வந்து லைட் அளவுகளையும் மாற்றியது. பழைய தோற்றம் வேண்டுமென்றால் எல்லா அளவையும் பை மதிப்பால், அதாவது 3.14ஆல், பெருக்கினால் போதும். கைட்டை வாசித்திருந்தேன், அரைமணியில் முடிந்தது.

எனக்கு இன்னும் பயம் தருவது வேறொன்று. கல் பதித்த மோதிரத்தில் மினுக்கம் காட்ட, லைப்ரரியின் சொந்த ஷேடர் கோடுக்குள் (கிராபிக்ஸ் சிப்பான ஜிபியுவில் ஓடி நிறத்தைக் கணக்கிடும் கோடு) ஒரு வரியைத் தேடி, அதற்கு முன்னால் என் வரியை நுழைத்திருந்தேன். ஆன்-பிஃபோர்-கம்பைல் என்ற வழி. ஆர் 154இல் என்கோடிங்ஸ் ஃப்ராக்மென்ட் என்ற துண்டுக்குக் கலர்ஸ்பேஸ் ஃப்ராக்மென்ட் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். தேடிய வரி கிடைக்காவிட்டால் ஜாவாஸ்கிரிப்டின் ரிப்ளேஸ் எந்தச் சத்தமும் போடாது. பிழைச்செய்தி இல்லை, கொன்சோல் சுத்தம், மினுக்கம் மட்டும் இல்லை. இரண்டு கிழமை யாருக்கும் தெரியவில்லை. இப்போது வரி கிடைக்காவிட்டால் உடனே பிழை எறியும்படி எழுதி வைத்திருக்கிறேன், நீங்களும் முதல் நாளிலேயே அதைச் செய்துவிடுங்கள்.

தமிழில் பெயர் பொறிக்கும் மோதிரம் தனிக்கதை. எழுத்தை முப்பரிமாணமாக்கும் டெக்ஸ்ட் ஜியோமெட்ரியில் 'செல்வி' என்று கொடுத்தால் ஒற்றைக்கொம்பு ச-வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது, பார்க்க ல-வுக்குரிய கொம்பு மாதிரி. அது எழுத்துருவில் இருக்கும் வடிவங்களை யூனிகோட் வரிசைப்படி ஒவ்வொன்றாக அடுக்குமே தவிர, நம் எழுத்து எப்படிச் சேரும் என்று அதற்குத் தெரியாது. முதலில் கேன்வாஸில் பெயரை எழுதி, அதையே மேடுபள்ளம் மாதிரிக் காட்டும் பம்ப் மேப்பாக ஒட்டினேன், பிரவுசருக்குத் தமிழ் சரியாக வரும் என்பதால். தூரத்தில் நன்றாக இருந்தது, கிட்டக் கொண்டுவந்தால் விளிம்பு மங்கியது. இப்போது எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கும் ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருளின், பிரவுசரில் ஓடும் வெப் அசெம்பிளி வடிவத்தில் எழுத்துகளைச் சரியான வரிசையில் கோத்து, கோட்டுருவத்தை எடுத்து, எக்ஸ்ட்ரூட் ஜியோமெட்ரியால் தடிப்பாக்குகிறேன். சிங்களப் பெயர்களும் இதே வழியில் சரியாக வருகின்றன. முதல் தடவை கொம்பு அதன் இடத்தில் வந்து நின்றபோது வந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

மெமரி பற்றி ஒரு வார்த்தை. சீனிலிருந்து ஒரு நகையை நீக்கினால் ஜிபியுவிலிருந்து அது போய்விடாது. ஜியோமெட்ரி, மெட்டீரியல், டெக்ஸ்சர் மூன்றுக்கும் நாமே டிஸ்போஸ் சொல்ல வேண்டும். 2048க்கு 2048 படம் ஒன்று கம்ப்ரஸ் செய்யாமல் 16 எம்பி பிடிக்கும், மிப்மேப் (தூரத்துக்கு ஏற்ற சிறிய பிரதிகள்) சேர்ந்தால் 21 தாண்டும். பத்து அட்டியல் பார்த்ததும் போனில் பக்கம் செத்துப்போவதை லைப்ரரியின் குறை என்று நினைத்து, முறைப்பாடு எழுத ஒரு சின்ன உதாரணம் தயாரிக்கத் தொடங்கினேன். பாதியிலேயே பிழை என் பக்கம் என்று தெரிந்தது. ரெண்டரர் இன்ஃபோவில் டெக்ஸ்சர் எண்ணிக்கை இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர் 163இல், பிரவுசர் ஜிபியுவோடு பேசும் பழைய வழியான வெப்ஜிஎல் 1க்கான ஆதரவு போனது. மிகப் பழைய போன்களுக்கு நிலைப்படம் காட்டிச் சமாளிக்கிறோம். இப்போது அதே வேலைக்கான புதிய வழியான வெப்ஜிபியுவின் ரெண்டரரைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். வெப்ஜிபியு இல்லாத இடத்தில் அதுவே வெப்ஜிஎல் 2க்கு இறங்கிக்கொள்கிறது, அது நல்ல ஏற்பாடு. ஆனால் ஆன்-பிஃபோர்-கம்பைல் அதில் செல்லாது, மினுக்கத்தை டிஎஸ்எல்லில் (த்ரீ ஜேஎஸ்ஸின் சொந்த ஷேடர் மொழி) புதிதாக எழுத வேண்டும். பாதி எழுதிவிட்டேன். ஒரே மோதிரத்தைப் பழையதிலும் புதியதிலும் இரண்டு போனில் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், சிவப்புக்கல் இன்னும் கொஞ்சம் கறுத்துத்தான் தெரிகிறது. அது சரியானதும் செட்டியார் தெருவுக்குக் கொண்டுபோய் முதலாளியிடம் காட்ட வேண்டும்.