டிலே பாக்ஸ்: மூன்று வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

"இத்தனை காசு போட்டு வாங்கின பெட்டி காரை வேகமா ஓட வைக்காதுன்னா, பிறகு எதுக்கு?" என்று முதல் நாளே மனைவி கேட்டுவிட்டாள். கோப்பிக்கடையில் இன்றும் அதே கேள்விதான் வருகிறது. டிலே பாக்ஸ் என்பது பந்தயத்தில் கார் கிளம்பும் கணத்தை எண்ணிக் கணக்காக விடும் சின்ன மின்னணுப் பெட்டி.

சிங்கப்பூரில் டிராக் ஸ்ட்ரிப், அதாவது நேர்கோட்டில் கார் பந்தயம் விடும் தளம் கிடையாது. பொதுச் சாலையில் பந்தயம் விட்டால் காரே பறிமுதல் ஆகலாம். அதனால் நானும் மச்சானும் சேர்ந்து வாங்கிய பழைய வி8 கார் எல்லை தாண்டி, மலேசியாவின் ஜோகூரில் ஒரு பட்டறையில்தான் நிற்கிறது. இரண்டு கியர் ஆட்டோமேட்டிக், கியர்பெட்டியைப் பூட்டிக் காரை நிறுத்தி வைக்கும் டிரான்ஸ்பிரேக் உண்டு. கால் மைல், அதாவது 402 மீட்டர் ஓட 11.40 வினாடி ஆகும்.

பிராக்கெட் பந்தயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். உன் கார் எத்தனை வினாடியில் ஓடும் என்று நீயே எழுதிக் கொடுக்க வேண்டும். அதுதான் டயல்-இன். இரண்டு கார் மோதும்போது மெதுவான கார் இரண்டு டயல்-இன்களின் வித்தியாச நேரம் முன்கூட்டியே கிளம்பலாம். எழுதிக் கொடுத்ததைவிட வேகமாக ஓடினால் பிரேக்-அவுட், தோல்வி. ஆக, வேகத்தைவிடச் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதுதான் இங்கே பெரிது. இண்டெக்ஸ் வகையில் நேரத்தை அமைப்பாளரே வைத்துவிடுவார். அமெரிக்காவில் சூப்பர் கேஸ் பிரிவுக்கு 9.90 வினாடி, சூப்பர் ஸ்ட்ரீட் பிரிவுக்கு 10.90.

கிளம்பச் சைகை காட்டும் விளக்கு மரத்தில் மஞ்சள் மூன்று, அரை வினாடி இடைவெளியில் எரியும். பிறகு பச்சை. பச்சைக்கு முன்பே கிளம்பினால் சிவப்பு எரியும், தோல்வி. பெட்டி இல்லாதவன் கடைசி மஞ்சளைப் பார்த்துக் காலை எடுப்பான். பெட்டி இருந்தால் முதல் மஞ்சள் எரிந்ததும் அழுத்திப் பிடித்திருக்கும் பொத்தானை விட்டுவிடலாம். மீதி நேரத்தைப் பெட்டி எண்ணி டிரான்ஸ்பிரேக்கை விடுவிக்கும். முதல் மஞ்சளிலிருந்து பச்சைக்கு 1.5 வினாடி. என் கைக்கு ஏறக்குறைய 0.2, கார் நகர்ந்து தொடக்கக் கோட்டின் ஒளிக்கற்றையைத் தாண்ட 0.25. ஆகவே பெட்டியில் 1.05 சொச்சம் வைக்கிறேன்.

இங்கேதான் எனக்குப் புத்தி வந்தது. ஈசூன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பெட்டியின் பயிற்சி விளக்கை வைத்து இரவில் இருபது முறை அழுத்திப் பழகுவேன். ஒன்பது வயது மகள் என்னைவிட வேகம். ஆனால் அவளுக்கு ஒரு தடவை 0.16, அடுத்த தடவை 0.23. நான் நாற்பத்தாறு வயது மந்தம். ஆனால் எப்போதும் அதே மந்தம். மந்தத்தை எண்ணில் ஈடுகட்டிவிடலாம், தடுமாற்றத்தை எந்த எண்ணாலும் ஈடுகட்ட முடியாது. இரவு வேலை முடிந்து வந்த நாளில் 0.02 தாமதமாவதுகூடப் பழகப் பழகத் தெரிந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஸ்ட்ரிப்பில் 0.04 முதல் 0.12 வரை அலைந்த என் ரியாக்ஷன் (பச்சை எரிந்ததிலிருந்து கார் கிளம்பும்வரை ஆகும் நேரம்) இப்போது பெரும்பாலும் 0.01க்கும் 0.03க்கும் நடுவில்.

அதன் மதிப்பு என்ன? போன முறை எதிராளி 0.008இல் கிளம்பினார், என்னுடையது 0.021. அவர் டயல்-இன்னைவிட 0.040 வினாடி அதிகம் எடுத்துக்கொண்டார், நான் 0.012. கூட்டிப் பாருங்கள், குறைவானவர்தான் வெல்வார்: அவருக்கு 0.048, எனக்கு 0.033. எல்லைக்கோட்டில் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் இல்லை, வெற்றி எனக்கு. கிளம்பும்போது நான் பின்தங்கியிருந்தேன் என்பதை மச்சான் இன்னும் நம்பவில்லை.

குறை இல்லாமல் இல்லை. கிராஸ்ஓவர் என்று ஒரு வசதி: எதிராளியின் முதல் விளக்கைப் பார்த்தே பொத்தானை விடலாம், இரண்டு டயல்-இன்களின் வித்தியாசத்தைப் பெட்டியே சேர்த்துக்கொள்ளும். பக்கத்துக் கார் உறுமிக்கொண்டு பாயும்போது நம் கவனம் சிதறாது. ஆனால் எதிராளியின் எண்ணை ஒவ்வொரு சுற்றிலும் கையால் மாற்ற வேண்டும். ஒருமுறை அவர் 12.90, நான் முந்தைய சுற்றின் 12.25ஐ மாற்ற மறந்தேன். 0.65 வினாடி முன்னதாகவே சிவப்பு விளக்கை எரித்தேன். அன்று வூட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி நெரிசலில் நின்ற இரண்டு மணி நேரமும் மச்சான் வாயே திறக்கவில்லை. இப்போது ஸ்டியரிங்கில் ஒட்டுத்தாள் வைத்திருக்கிறேன்: "அவன் எண்?"

இன்னொன்று, மின்னழுத்தம். பேட்டரி இறங்கினால் டிரான்ஸ்பிரேக் விடுபடும் நேரமும் மாறுகிறது. காரணம் தெரியாமல் ஒரு மாதம் பெட்டியையே திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது ஒவ்வொரு சுற்றுக்கும் முன் முழுதாகச் சார்ஜ் ஏற்றுகிறேன். பொத்தான் இரண்டாம் வருடத்திலேயே தேய்ந்துபோனது. நம் ஊர் ஈரத்துக்குக் கனெக்டரில் பச்சை பூக்கும், அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும்.

கூடவே வாங்கிய வானிலைக் கருவி பற்றியும் சொல்லிவிடுகிறேன். காற்றின் நிலையை அளந்து, கார் எத்தனை வினாடியில் ஓடும் என்று கணிக்க உதவும். அமெரிக்கக்காரர்கள் அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள். அங்கே காலையும் மாலையும் வேறு வேறு ஊர் மாதிரி. ஜோகூரில் அந்த அளவு ஏற்ற இறக்கம் இல்லை. ஆனாலும் கடல் மட்டத்தில் நின்றாலும் நம் வெக்கையில் என்ஜின் சுவாசிப்பது 2,000 அடிக்கு மேல் இருக்கும் மெல்லிய காற்றைத்தான். பிற்பகல் நான்கு மணிக்கும் இரவு ஒன்பதுக்கும் என் காரில் 0.06 வினாடி வேறுபடுகிறது, அதற்குக் கருவி உதவும். மழை பெய்து காய்ந்த தளத்தில் டயர் எப்படிப் பிடிக்கும் என்பதை மட்டும் அது சொல்லாது. அதற்கு என் நோட்டுப் புத்தகம்தான்.

வாங்குவதற்கு முன் ஓடப்போகும் பிரிவில் பெட்டிக்கு அனுமதி உண்டா என்று கேளுங்கள். காலால் மட்டும் கிளம்பச் சொல்லும் பிரிவுகளும் இருக்கின்றன. இண்டெக்ஸ் ஓட விரும்பினால் பெட்டி மட்டும் போதாது. கிளம்பியபின் சில கணம் திராட்டிலை (என்ஜினுக்குக் காற்று போகும் வாயிலை) மூடித் திறந்து காரை மெதுவாக்கும் திராட்டில் ஸ்டாப்பும் பெரும்பாலும் தேவைப்படும். அதற்கு மனைவியிடம் இன்னும் பேசவில்லை.