வெள்ளைக் கூரைப் பூச்சு: ஒரு கோடையும் ஒரு மழையும் பார்த்த பிறகு

மொட்டைமாடிக்கு நேர் கீழே குடியிருப்பவர்களுக்கு ராத்திரி வெக்கையைப் பற்றி விளக்கவே வேண்டாம். பகலெல்லாம் கான்கிரீட் வாங்கிவைத்த சூடு அப்போதுதான் வீட்டுக்குள் இறங்கும். ஃபேனைப் போட்டால் அதே அனல்தான் முகத்தில் அடிக்கும். அதற்காகவே தளத்துக்கு வெள்ளை அக்ரிலிக் பூச்சு அடித்தேன். வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். டப்பாவில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எண்ணை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம்.

உச்சி வெயிலில் இப்போது மாடியில் வெறுங்காலோடு நிற்க முடிகிறது. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் பூச்சு படாத ஒரு பட்டை இருக்கிறது. ஒரு காலை அதிலும் இன்னொன்றை வெள்ளையிலும் வைத்தால் வித்தியாசம் சுரீரென்று தெரியும். கடும் வெயிலில் கறுப்பான கூரை 65 டிகிரி வரை சூடேறும்; அதே வெயிலில் வெள்ளைக் கூரை 25 டிகிரிக்கு மேல் குறைவாக இருக்க முடியும். வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவது பாதி வேலை. உள்ளே போன கொஞ்ச சூட்டையும் சட்டென்று வானத்துக்கு விட்டுவிடுவது மீதிப் பாதி.

ஏசியை இப்போது தாமதமாகத்தான் போடுகிறோம், மின்சாரம் மிச்சம். அதைவிட எனக்குப் பிடித்தது, கரண்ட் போன மத்தியானத்திலும் வீட்டில் இருக்க முடிந்தது. எல்லோரும் ஏசி போடும் வெப்ப அலை நாளில்தான் கரண்டும் போகும். போதாக்குறைக்கு ஏசி நம் அறைச் சூட்டைத் தெருவில் கொட்டுகிறது. பூச்சுக்கு அந்தத் தொல்லை கிடையாது.

சரி, அந்த எண். ஒளியில் 5 சதவீதம் மட்டும் திருப்பும் கறுப்புக்கு 0, 80 சதவீதம் திருப்பும் வெள்ளைக்கு 100 என்று வைத்துப் போடும் கணக்குதான் எஸ்.ஆர்.ஐ., அதாவது சூரிய ஒளிப் பிரதிபலிப்புக் குறியீடு. டப்பாவில் 100-க்கு மேல் போட்டிருந்தால் அது பொய் இல்லை, ஆனால் அடித்த புதிதில் உள்ள நிலவரம். தூசி, புகைக்கரி, பாசி எல்லாம் ஏறினால் இறங்கிவிடும். அமெரிக்காவின் கூல் ரூஃப் ரேட்டிங் கவுன்சில் புதுப் பூச்சின் அளவையும் 3 ஆண்டு வெயிலில் கிடந்த பிறகான அளவையும் சேர்த்தே பட்டியலிடுகிறது. கடையில் அந்த இரண்டாவது எண்ணைக் கேளுங்கள். நான் கேட்டபோது வாரண்டி அட்டையை நீட்டினார்கள்! கோடைக்கு முன்னால் பிரஷ் போட்டுக் கழுவினால் வெண்மை ஓரளவு திரும்புகிறது.

மழையில்தான் வினை. அக்ரிலிக்குக்குத் தேங்கும் தண்ணீர் ஆகாது. தண்ணீர் வழிந்தோடும் வாட்டம் (சரிவு) சரியில்லை என்று சொல்லியும் வேலைக்கு வந்தவர்கள் அப்படியே ரோலரை உருட்டிவிட்டுப் போனார்கள். மழைநீர்க் குழாயின் வாயருகே முதலில் கொப்புளம் வந்தது. நகத்தால் கிள்ளினால் ரப்பர் தோல் மாதிரி உரிந்து வருகிறது, அடியில் கான்கிரீட் ஈரமாகவே இருக்கிறது. தண்ணீர் நிற்கும் இடமென்றால் முதலில் வாட்டம் எடுங்கள், முடியாவிட்டால் சிலிகோன் வகை வாங்குங்கள். இரண்டு முறைப் பூச்சையும் குறுக்கும் நெடுக்குமாக அடிக்கச் சொல்லுங்கள். அப்புறம், இதை அடித்தால் ஒழுகலும் நிற்கும் என்று விற்பவரிடம் உஷார். விரிசலை முதலில் அடைத்தாக வேண்டும்.

இது மேல்மாடிக்கான மருந்து. கீழ்த்தளக்காரர்களுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. என் ஒரு கூரையால் தெருக்காற்றும் குளிராது, அதற்கு வரிசையாகப் பல கூரைகள் வெளுக்க வேண்டும். நியூயார்க் நகரம் 2009 முதல் 1 கோடி சதுர அடிக்கு மேல் பூசியிருக்கிறது; தெலங்கானா 2023-இல் இதற்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. தனி ஆளாக டப்பா வாங்குவதைவிட அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து அடிப்பது நல்லது.

குளிர்காலம் நீண்டு ஹீட்டர் அதிகம் ஓடும் ஊர் என்றால் யோசியுங்கள், கோடையில் மிச்சமானது அங்கே ஹீட்டருக்குப் போய்விடும். பக்கத்தில் உங்களைவிட உயரமான கட்டடம் இருந்தால், அடிப்பதற்கு முன்பே அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மத்தியான வெயில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம் நேராக அவர்கள் ஜன்னலுக்குத்தான் போகும்.