பேட்ச் டெஸ்ட், ரத்தப் பரிசோதனை, விலக்கிப் பார்த்தல்: செருப்பு அரிப்புக்கு எது?

இரண்டு ஆண்டுகளாகத் தோல் செருப்பின் வார் பதியும் இடத்தில் மட்டும் அரித்து நீர் வடிந்துகொண்டிருந்தது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோலோடு புழங்குகிறவர்களுக்கு இது புதிய கதை அல்ல. காரணத்தைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை, சந்தேகப் பொருளை விலக்கிப் பார்த்தல், முதுகில் பொருள்களை ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் என மூன்று வழிகளையும் பார்த்துவிட்டேன். என் ஓட்டு பேட்ச் டெஸ்ட்டுக்கே.

முதலில் ரத்தம் கொடுத்தேன். தூசி, இறால், வேர்க்கடலை என்று நீளமான பட்டியல் வந்தது. கால் அரிப்புக்கு அதில் விடை இல்லை, இருக்கவும் முடியாது. அந்தப் பரிசோதனை தேடுவது ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளை. தும்மலுக்கும் உடனே தடிக்கும் அலர்ஜிக்கும் அது உதவும். தொட்ட பொருளால் வருவதோ டி அணுக்கள் என்னும் ஒருவகை வெள்ளை அணுக்களின் வேலை. ஒன்றிரண்டு நாள் கழித்தே கிளம்பும். இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் பணம் மிஞ்சியிருக்கும்.

விலக்கிப் பார்ப்பதில் செலவில்லை. ரப்பர் செருப்புக்கு மாறினேன், பாதி குறைந்தது. ஆனால் ரப்பரில் சேர்க்கும் வேதிப்பொருள்களும் அலர்ஜி தரக்கூடியவை. ஒரு மாதமாகியும் தெளிவு பிறக்கவில்லை.

பேட்ச் டெஸ்ட்டில், வாசலினில் கலந்த பொருள்களைச் சிறு கிண்ணங்களில் வைத்து முதுகில் வரிசையாக ஒட்டுகிறார்கள். திங்களன்று ஒட்டி, 48 மணி நேரம் கழித்துப் புதனன்று பிரித்தார்கள். ஒரு கட்டம் மட்டும் லேசாகச் சிவந்திருந்தது. வெள்ளியன்று அதே கட்டத்தில் தினை தினையாகப் பொரிந்திருந்தது. அந்தக் கட்டத்தில் வைத்திருந்தது பொட்டாசியம் டைகுரோமேட் என்னும் குரோமிய உப்பு! தோல் பதனிடும் குரோமியம்தான் என் எதிரி. சிமெண்டிலும் அது உண்டு. புதனோடு நின்றிருந்தால் சந்தேகமாகவே போயிருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், எந்த மாதத்தில் செய்துகொள்கிறோம் என்பது. முதுகு நனையக் கூடாது, வியர்க்கவும் கூடாது. பிளாஸ்திரி சற்று விலகினாலும் சோதனைப் பொருள் தோலில் படாது, பேனாவால் போட்ட அடையாளமும் அழியும். வேலூரில் கத்திரி வெயிலில் இது நடக்கிற காரியமா? நான் தை மாதத்தில் செய்துகொண்டேன். தலைக்குக் குளிக்காமல், ஈரத்துண்டால் கை கால் துடைத்து, குப்புறப் படுத்தே நான்கு நாளையும் கடத்தினேன். பளு தூக்குகிற வேலையில் இருப்பவர்கள் விடுப்பு எடுத்துக்கொள்வதே நல்லது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அது விளைவை மறைத்துவிடும்.

ஆபத்தே இல்லையா என்றால், உண்டு. அரிப்பு நிச்சயம். பழைய புண் மீண்டும் கிளம்பலாம். எனக்குச் சதுரமாக ஒரு கருமை மூன்று மாதம் இருந்தது. சிலருக்கு நிறம் வெளுக்கவும் கூடும். அரிதாக, சோதனைப் பொருளே புதிய அலர்ஜியை உண்டாக்கிவிடுவதும் உண்டு. அது பத்து நாளுக்கு மேல் கழித்துத் தலைகாட்டும். ஆகவே பசையையோ சிமெண்டையோ வீட்டிலேயே முதுகில் ஒட்டிப் பார்த்துவிடாதீர்கள். தலைச்சாய அலர்ஜியில் எனக்கு அனுபவம் இல்லை. அது உள்ளவர்கள் மருத்துவர் சொல்படி நடக்கட்டும்.

இப்போது குரோமியம் சேராமல், தாவரச் சாற்றில் பதனிட்ட தோலைக் கேட்டு வாங்குகிறேன். ஆவாரம்பட்டையில் பதனிடுவது நம் பக்கத்துப் பழைய வழக்கம்தான். வார் பதியும் இடத்தில் இப்போது தழும்பு மட்டுமே இருக்கிறது.